பழைய ஜிப்சியில் புது ஸ்பீக்கர்: கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி

மாருதி ஜிப்சியைப் பாட்டுக் கேட்பதற்காக யாரும் வடிவமைக்கவில்லை. 1985-இல் வந்த 970 சிசி எம்ஜி410 ஆனாலும் சரி, 1996-இல் வந்த 1298 சிசி ஜிப்சி கிங் ஆனாலும் சரி, மெல்லிய தகட்டுக் கதவும் முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங்கும் காற்று புகுந்து வெளியேறும் கித்தான் கூரையும்தான் வண்டி. ஆனாலும் ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குகிறவனுக்குப் பாட்டு வேண்டியிருக்கிறது. அதனால் ஜிப்சி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் ஸ்பீக்கர் மாற்றுகிறார்கள். மாற்றிய மறுநாளே, செலவழித்த பணத்துக்கு ஏற்ற ஓசை வரவில்லையே என்று மனம் நோகிறார்கள்.

என் வண்டி 1998-ஆம் ஆண்டு ஜிப்சி கிங். அதில் மூன்று முறை ஸ்பீக்கர் மாற்றியிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை. ஒரு முறை எர்த்திலும் (பேட்டரியின் நெகட்டிவோடு சேரும் பாடி இணைப்பு), ஒரு முறை கதவிலும் இருந்தது. அதனால் அழுத்திச் சொல்கிறேன்: பழைய வண்டியில் ஸ்பீக்கரைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். வயர், எர்த், பொருத்திய விதம், அது உட்கார்ந்திருக்கும் தகடு ஆகிய நான்கையும் பார்த்து முடித்த பிறகே அடுத்த ஸ்பீக்கருக்குப் பணம் எடுங்கள்.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. ஒரு மல்ட்டிமீட்டர், டார்ச் விளக்கில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, நன்றாக வேலை செய்வது உறுதியாகத் தெரிந்த பழைய ஸ்பீக்கர் ஒன்று, மூன்று மீட்டர் இரட்டை வயர். இந்த வயரையும் ஸ்பீக்கரையும் சோதனைக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்திலும் சந்தேகம் வந்தால், வண்டியின் வயரைத் தொடாமல் இந்த வயரை நேரடியாகச் செட்டிலிருந்து (டேஷ்போர்டிலுள்ள ஸ்டீரியோ) இழுத்துப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கருகிய வாடை வருகிறது, வயர் சுடுகிறது

இது உங்கள் வண்டியில் நடந்தால் மற்ற எதையும் படிக்க வேண்டாம். எஞ்சினை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஜிப்சியின் பெட்ரோல் டேங்க் பின்பக்கத் தரைக்கு அடியில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஸ்பீக்கர் பெட்டியை இறுக்குவதற்காக அந்தத் தரையில் கண்ணை மூடிக்கொண்டு துளை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடியில் குனிந்து பார்க்காமல் பின் தரையில் ஒரு துளையும் போடக் கூடாது.

வயர் சுடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஆம்ப்ளிஃபயருக்குப் பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயர், எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் கிராமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) இல்லாமல் நுழைந்திருக்கும். லீஃப் ஸ்பிரிங் வண்டி குலுங்கக் குலுங்கத் தகட்டின் விளிம்பு உறையை அறுக்கும். செம்பு பாடியைத் தொட்ட நொடியில் பேட்டரியின் முழுச் சக்தியும் அந்த வயர் வழியே பாயும். அதைத் தடுக்கத்தான் பேட்டரிக்கு 45 செ.மீ. தூரத்துக்குள் ஃபியூஸ் போடச் சொல்கிறார்கள். ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் போட்ட ஃபியூஸ் இந்த விபத்தைத் தடுக்காது, ஏனென்றால் அறுந்த இடம் ஃபியூஸுக்கு முன்னால் இருக்கிறது. பேட்டரிப் பக்கத்து ஃபியூஸின் முதல் வேலை வயரைக் காப்பது. அது அடிக்கடி போகிறதென்று பெரியதாக மாற்றினால் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

ஒரு ஸ்பீக்கரிலும் சத்தமே இல்லை

செட்டின் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் மஞ்சள் வயரிலும் சிவப்பு வயரிலும் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான செட்டுகளில் மஞ்சள் நேரடியாகப் பேட்டரிக்கும், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்கும், கறுப்பு எர்த்துக்கும் போக வேண்டும். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது ஸ்பீக்கர். இவற்றில் கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ்.

விளக்கு எரிந்தும் ஓசை இல்லை என்றால், பழைய வண்டிக்கே உரிய ஒரு தவற்றைத் தேடுங்கள். கேசட் காலத்துச் செட்டுகள் சிலவற்றில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயரைப் பாடியோடு இணைத்துவிடுவார்கள். ஒரு வயர் மிச்சம். இன்றைய செட்டுகளில் அப்படிச் செய்யவே கூடாது. இவற்றில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயர்களிலுமே மின்னழுத்தம் இருக்கிறது. நெகட்டிவ் என்று எழுதியிருந்தாலும் அது எர்த் அல்ல. முந்தைய உரிமையாளர் போட்ட பழைய வயரை அப்படியே பயன்படுத்தினால், கதவுக்குள் எங்கோ அது பாடியில் திருகப்பட்டிருக்கும். புதுச் செட் தன்னைக் காத்துக்கொள்ள ஓசையை நிறுத்திவிடும். காத்துக்கொள்ளும் வசதி இல்லாத மலிவான செட்டாக இருந்தால் உள்ளே ஓசையைப் பெருக்கும் ஐசி சில்லு போய்விடும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. செட்டின் பின்னால் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, ஒவ்வொரு வயருக்கும் பாடிக்கும் நடுவே ஓம் அளந்து பாருங்கள். ஒன்றுகூடப் பாடியோடு தொடர்பில் இருக்கக் கூடாது. பிறகு ஜோடி ஜோடியாக அளங்கள். 4 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும், அது சரியே. சுழியத்துக்குப் பக்கத்தில் காட்டினால் எங்கோ ஷார்ட், எதுவும் காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது.

செட்டின் ஐசி உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் ஒரு வழி உண்டு. ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி வைத்து, செட்டைப் போட்டு, ஓசையைக் குறைத்து, ஸ்பீக்கர் முனை ஒவ்வொன்றுக்கும் பாடிக்கும் இடையே டிசி வோல்ட் அளங்கள். இரண்டு முனையிலும் ஏறக்குறைய 6 வோல்ட், அதாவது பேட்டரி வோல்ட்டில் பாதி இருக்க வேண்டும். ஒரு முனையில் 6, மறு முனையில் 0 அல்லது 12 என்று காட்டினால் அந்தச் சேனல், அதாவது அந்த ஸ்பீக்கருக்கான வெளியீடு, போய்விட்டது. அதில் புது ஸ்பீக்கரை மாட்டினால் அதுவும் சேர்ந்து எரியும்.

ஒரு பக்கம் மட்டும் விட்டுவிட்டு ஒலிக்கிறது

கதவைத் திறந்து மூடும்போது ஓசை போய்ப் போய் வருகிறதா? அப்படியானால் வயர் கதவுக் கீலின் பக்கத்தில் உறைக்குள்ளேயே அறுந்திருக்கிறது. வெளியே பார்த்தால் நல்ல வயராகத்தான் தெரியும். பழைய ஜிப்சியின் கதவுக்குள் ஸ்பீக்கர் வயர் கிடையாது, பிறகு யாரோ துளை போட்டு நுழைத்ததாக இருக்கும். துளையின் விளிம்பில் பிரைமர் அடித்திருக்கிறார்களா, இரண்டு பக்கமும் கிராமெட் இருக்கிறதா, கதவு முழுதாகத் திறந்தாலும் வயர் இழுபடாமல் கொஞ்சம் தொய்வாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தொய்வு துளைக்குக் கீழே தொங்க வேண்டும். அப்போதுதான் மழை நீர் வயர் வழியே உள்ளே போகாமல் கீழே சொட்டும். வயர் நிறைய மெல்லிய இழைகள் கொண்ட 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்கட்டும். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் விலை குறைவுதான், ஆனால் கீலில் அடிபட்டுச் சீக்கிரம் முறியும். இழையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

மேடு பள்ளத்தில் மட்டும் விட்டுவிட்டு வருகிறதென்றால் இணைப்புகளைப் பாருங்கள். சால்ட்ரிங் செய்தால்தான் உறுதி என்று பலரும் நினைக்கிறார்கள். மேசை மேல் இருக்கும் ரேடியோவுக்கு அது உண்மை. குலுங்கும் வண்டியில், ஈயம் ஊறிய பகுதி கம்பிபோல் விறைத்துவிடும், அது முடியும் இடத்திலேயே இழைகள் ஒவ்வொன்றாக முறியும். நல்ல கிரிம்பிங் கருவியால் அழுத்திய லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை), அதன் மேல் சூடாக்கினால் சுருங்கும் ஸ்லீவ், ஒரு சாண் இடைவெளிக்குள் வயரைப் பிடித்து நிறுத்தும் கிளிப். இந்த மூன்றும் இருந்தால் கல் பாதையிலும் இணைப்பு நிற்கும். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு ஒரு கோடைக்குத்தான். சித்திரை வெயிலில் அதன் பசை உருகி டேப் பிரிந்துவிடும்.

பாஸ் (தாழ்ந்த ஓசை) இல்லை, ஓசை தகரம்போல இருக்கிறது

இதுதான் எல்லோரும் சொல்லும் குறை. இதற்குத்தான் தேவையில்லாமல் அதிகப் பணமும் போகிறது.

முதலில் முனை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிவிட்டால், ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். தாழ்ந்த ஓசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். பாடுகிறவரின் குரல் நடுவிலிருந்து வராமல் எங்கிருந்தோ வருவதுபோல் இருக்கும். சந்தேகம் வந்தால் பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் திருப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒலிக்கும்போது பாஸ் கூடினால் முனை மாறியிருக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. உறுதிப்படுத்த, செட்டிலிருந்து வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பாசிட்டிவ், ஸ்பீக்கருக்குப் போகும் பாசிட்டிவ் வயரைத் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். நான்கு ஸ்பீக்கரையும் இப்படிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

முனை சரியாக இருந்தும் பாஸ் இல்லை என்றால் கதவைப் பாருங்கள். ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. முன் அலையும் பின் அலையும் சந்திக்க வழி இருந்தால் தாழ்ந்த ஓசை முழுவதும் அங்கேயே கரைந்துவிடும். எத்தனை வாட் கொடுத்தாலும் திரும்பி வராது. நல்ல பெட்டியில் இருக்கும் ஸ்பீக்கர் முழங்குவதும், அதையே கையில் தூக்கிப் பிடித்தால் கீச்சென்று ஒலிப்பதும் இதனால்தான். ஜிப்சியின் கதவு உட்தகட்டில் பெரிய பெரிய திறப்புகள் இருக்கின்றன. அவற்றை அட்டையும் ரெக்சினும்தான் மூடியிருக்கும். அந்த அட்டையில் ஸ்பீக்கரைத் திருகினால் கையில் தூக்கிப் பிடித்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

என் வண்டியின் இரண்டாவது ஸ்பீக்கர் இப்படித்தான் அட்டையில் திருகப்பட்டிருந்தது. கோயம்புத்தூரில் நாற்பது ஆண்டுகளாக வயரிங் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்தான். அதற்கு வீடு கட்டிக் கொடுக்காமல் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்" என்றார். அன்று மாலை அவரே கூட நின்று சரி செய்தார். அதற்கு முன் கேட்ட அதே பாட்டில், அதே ஸ்பீக்கரில், தவிலின் அடி முதன்முறையாக என் நெஞ்சில் வந்து விழுந்தது.

செய்தது இவ்வளவுதான். 12 மி.மீ. மரைன் பிளைவுட்டில் வளையம் வெட்டி, வார்னிஷ் இரண்டு கை அடித்து, அட்டையில் அல்லாமல் கதவின் உட்தகட்டிலேயே போல்ட் போட்டு இறுக்கினோம். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவிலும், வளையத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவிலும் காற்றுப் புகாத ஃபோம் பட்டை. உட்தகட்டின் பெரிய திறப்புகளுக்கு அலுமினியத் தகடு வெட்டி மூடி, அதன் மேல் தகட்டின் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் ஷீட். வெளித்தகட்டின் உட்புறம் ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் ஒரு துண்டு. எம்டிஎஃப் பலகை வேண்டாம், ஒரே மழைக்காலத்தில் ஊறிப் பொரிந்துவிடும்.

பியூட்டைல் ஒட்டும்போது கதவின் அடி விளிம்பிலுள்ள வடிகால் துளைகளை மூடிவிடக் கூடாது. கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் மழை நீர் இறங்கத்தான் செய்யும், எல்லாக் கார்களிலும் அப்படித்தான். அது வெளியேறும் வழியை அடைத்துவிட்டால் ஓசை நன்றாக இருக்கும், கதவு உள்ளிருந்து துருப்பிடித்துப் போகும். ஜிப்சியின் உற்பத்தி நின்றுவிட்ட நிலையில், நல்ல கதவு கிடைப்பதைவிட நல்ல ஸ்பீக்கர் கிடைப்பது எளிது.

இதெல்லாம் செய்த பிறகும், கூரையைக் கழற்றினால் பாஸ் குறையும். அது கோளாறு இல்லை. மூடிய காரில் அறையே தாழ்ந்த ஓசையைத் தாங்கிக் கொடுக்கிறது. திறந்த வண்டியில் அந்த உதவி கிடையாது. பாஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் வைக்க விரும்பினால், பக்கவாட்டு இருக்கைக்கு அடியில் மூடிய பெட்டியாகச் செய்து வையுங்கள்.

சத்தம் கூட்டினால் கரகரக்கிறது

செட்டை அணைத்துவிட்டு, கூம்பின் நடுவைச் சுற்றி நான்கு விரல்களையும் சமமாக வைத்து மெதுவாக அழுத்துங்கள். உராய்வுச் சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் (கூம்பின் பின்னால் இருக்கும் கம்பிச் சுருள்) காந்தத்தில் உரசுகிறது. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அந்தச் சுருள் சூட்டில் உருக்குலைந்திருக்கும், அந்த ஸ்பீக்கர் முடிந்தது. மற்றொன்று, சமமில்லாத தகட்டில் நான்கு திருகுகளையும் இறுக்கியதால் ஸ்பீக்கரின் சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கும். திருகுகளைத் தளர்த்திவிட்டு மறுபடி அழுத்துங்கள். உரசல் நின்றால் ஸ்பீக்கர் பிழைத்தது. வளையத்தைச் சமமாக்கி, எதிரெதிர் திருகுகளாக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

உரசல் இல்லாமல் கரகரத்தால், செட்டின் சக்தி தீர்ந்துவிட்டது என்று பொருள். பெட்டியில் 50 வாட் பெருக்கல் 4 என்று அச்சிட்டிருந்தாலும், செட் தொடர்ந்து தரக்கூடியது சேனலுக்கு 20 வாட்டை ஒட்டித்தான். அதற்கு மேல் கேட்டால் அலையின் தலை வெட்டுப்படும். காதுக்குக் கரகரப்பு, ஸ்பீக்கருக்குச் சூடு. ஆம்ப்ளிஃபயர் இருந்தால் செட்டின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் கெயின் திருகை ஓசை கூட்டும் திருகாக நினைக்க வேண்டாம். அதை முழுக்கக் குறைத்து, செட்டின் ஓசையை முக்கால் பங்கு வைத்து, கெயினை மெல்லக் கூட்டி, கரகரப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.

கதவில் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸிலும், நான்கு அங்குலத்துக்கு 120 ஹெர்ட்ஸுக்குக் குறையாமலும் ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ள தாழ்ந்த ஓசைகளைத் தடுக்கும் வசதி) வைத்துவிடுங்கள். கூம்பு வீணாகத் துள்ளுவது நிற்கும், அதே வாட்டில் தெளிவாகக் கேட்கும். பாஸ் பூஸ்ட் பொத்தானை அணைத்தே வையுங்கள்.

எஞ்சின் வேகத்தோடு விசில் ஏறி இறங்குகிறது

ஆக்சிலரேட்டரை மிதித்தால் விசில் மேலே போகிறது, விட்டால் இறங்குகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் ஓசைதான் இது. அதைக் குறை சொல்லும் முன் எர்த்தைப் பாருங்கள்.

செட்டுக்கு ஓர் எர்த், ஆம்ப்ளிஃபயருக்கு வேறோர் இடத்தில் எர்த் என்று இருந்தால், அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே கொஞ்சம் வோல்ட் வித்தியாசம் வரும். இருபத்தைந்து வயது வண்டியில் துருவும் பெயின்டும் பழைய பட்டி வேலையும் அதைக் கூட்டும். செட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஓசையைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரின் உறை அந்த இரண்டு எர்த்துகளையும் இணைப்பதால், ஆல்டர்னேட்டரின் அலை அதன் வழியே ஓசைக்குள் நுழைகிறது.

எஞ்சின் ஓடட்டும், முகப்பு விளக்கு எரியட்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வையுங்கள், மறு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகில் வையுங்கள். பாட்டு ஓடும்போது 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. எர்த் லக் உட்காரும் இடத்தில் வெள்ளைத் தகடு பளபளக்கும்வரை பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, நட்டும் போல்ட்டுமாக இறுக்கி, மேலே கிரீஸோ பெயின்டோ பூசுங்கள். தகட்டுத் திருகு போதாது, குலுங்கலில் தளரும். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் பழைய வயர்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள். என் வண்டியில் விசில் மட்டும் அல்ல, முகப்பு விளக்கின் மங்கலும் அதில் தீர்ந்தது.

எர்த் சரியாக இருந்தும் விசில் தொடர்ந்தால், ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஆர்சிஏ வயரைக் கழற்றுங்கள். விசில் நின்றால் செட்டிலோ அந்த வயரிலோ தவறு. பேட்டரி வயரும் ஆர்சிஏ வயரும் ஒரே பக்கமாக ஒட்டிப் போகின்றனவா என்று பாருங்கள். ஒன்றை இடப் பக்கமும் மற்றதை வலப் பக்கமும் கொண்டுபோங்கள். எங்காவது சந்தித்தே ஆக வேண்டும் என்றால் குறுக்காகக் கடக்கட்டும். கழற்றிய பிறகும் விசில் கேட்டால் ஆம்ப்ளிஃபயரின் பக்கம்தான் தவறு.

கடைசியாக ஆல்டர்னேட்டரின் டயோடு. எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே ஏசி வோல்ட் அளங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடு போயிருக்கலாம். மலிவான மீட்டர் ஏசி அளவையில் டிசியையும் சேர்த்துக் காட்டும். ஆகவே எஞ்சின் அணைந்திருக்கும்போது முதலில் ஒரு முறை அளந்து, அதோடு ஒப்பிடுங்கள். விசிலைத் தடுக்கும் ஃபில்டர் என்று விற்கும் டப்பாவை முதலிலேயே வாங்க வேண்டாம். பல வண்டிகளில் அது கெட்ட எர்த்தை மறைத்து வைக்கிறது, எர்த் மேலும் கெடுகிறது.

எஃப்எம்மில் மட்டும் டிக் டிக் என்று வந்து, பென் டிரைவில் பாட்டுப் போட்டால் வராவிட்டால், அது ஸ்பார்க் பிளக்கின் வேலை. மின்தடை உள்ள பிளக்கும் பிளக் வயரும் போட்டு, ஆன்டெனாவின் அடி எர்த்தைச் சுத்தம் செய்தால் போதும்.

நின்றால் நன்றாக இருக்கிறது, ஓடினால் கேட்கவில்லை

டயர், காற்று, கியர் பெட்டி என்று ஜிப்சியில் இரைச்சலுக்குப் பஞ்சமில்லை. அதை வாட்டால் வெல்ல முடியாது. ஸ்பீக்கர் பெட்டியின் மேல் சென்சிட்டிவிட்டி என்று டெசிபலில் ஓர் எண் இருக்கும். வாட்டைவிட அதுவே நமக்கு முக்கியம். 3 டெசிபல் கூடுதலாக வேண்டுமென்றால் இரண்டு மடங்கு வாட் கொடுக்க வேண்டும். 93 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் தரும் ஓசையை, 87 டெசிபல் ஸ்பீக்கரில் பெற 80 வாட் வேண்டும். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் செட்டிலிருந்தே ஓட்டப் போகிறீர்கள் என்றால் 90-க்குக் குறைந்ததை வாங்க வேண்டாம்.

அடுத்தது இடம். கதவின் அடியில் ஸ்பீக்கர் முழங்காலைப் பார்த்து ஒலிக்கிறது. குரலின் தெளிவு இருக்கும் உயர்ந்த ஓசைகள் இருக்கைத் துணியிலும் காலிலும் மடிந்துவிடும். உயர்ந்த ஓசைக்கான சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டர் தனியாக உள்ள ஜோடியை வாங்கி, ட்வீட்டரை மட்டும் டேஷ்போர்டின் மேல் மூலையில் காதைப் பார்த்து வைத்தால், ஓசையைக் கூட்டாமலே சொற்கள் புரியும். ரோல் பாரில் கட்டும் மூடிய பெட்டிகளும் திறந்த வண்டிக்கு நல்லவை. காற்றிரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த ஓசை, அதோடு போட்டிக்குப் பாஸைக் கூட்டினால் இரண்டும் கலந்து குழம்பும். முதுமலை, டாப்சிலிப் போன்ற இடங்களுக்குப் போனால் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். காட்டில் யானைக்குக் காது முக்கியம், உங்களுக்கும்தான்.

கதவு கிடுகிடுக்கிறது, கண்ணாடி இறங்க மறுக்கிறது

கண்ணாடியை முழுதாக இறக்கும்போது ஸ்பீக்கரின் காந்தத்தில் முட்டினால், ஆழத்தை அளக்காமல் வாங்கியிருக்கிறார்கள். துளை வெட்டும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கி, தகட்டின் முகத்திலிருந்து கண்ணாடி வரை அளந்து, ஸ்பீக்கரின் ஆழத்தோடு ஒப்பிட வேண்டும். இடையில் 5 மி.மீ.யாவது வெளி வேண்டும். முட்டினால் வளையத்தின் தடிமனைக் கூட்டலாம், ஆனால் கண்ணாடி ஏற்றும் கைப்பிடியும் முழங்காலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிடுகிடுப்பைக் கண்டுபிடிக்க ஒருவர் பாட்டை வைக்க, மற்றவர் கதவின் ஒவ்வோர் இடத்தையும் உள்ளங்கையால் அழுத்த வேண்டும். எங்கே அழுத்தினால் நிற்கிறதோ அங்கேதான் குற்றம். பெரும்பாலும் அட்டையின் கிளிப், கண்ணாடி ஓடும் ரப்பர் தேய்ந்த சட்டம், கதவுக்குள் தொங்கும் பூட்டுக் கம்பி.

மழைக்குப் பிறகு ஓசை அடங்கிவிட்டது

காகிதக் கூம்பு நீரில் ஊறினால் கனத்துவிடும், காய்ந்தாலும் பழைய வடிவம் வராது. கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமாக இருந்தால் ஈரத்திலும் வெயிலிலும் சில ஆண்டுகளில் உதிரும். பாலிபுரோப்பிலின் கூம்பும் ரப்பர் வளையமும் உள்ளதை வாங்குங்கள். கூரையை அடிக்கடி கழற்றுகிறவர்கள் படகுக்கென்று செய்த ஸ்பீக்கரையே வாங்கலாம்.

ஸ்பீக்கர் முனைகளில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் தெளித்துத் துடைத்து, வயரைப் புதிதாக வெட்டி லக் அடியுங்கள். கதவுக்குள் இறங்கும் நீர் காந்தத்தின் மேல் விழாதபடி பிளாஸ்டிக் டப்பாவை நெடுக்காக வெட்டிக் குடைபோல் ஸ்பீக்கருக்கு மேல் வைக்கலாம். அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும்.

காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது

சாவியை எடுத்த பிறகும் செட் ஓடுகிறதென்றால் மஞ்சளும் சிவப்பும் ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கின்றன. சாவியை எடுத்தவுடன் செட்டில் பதித்த ரேடியோ நிலையங்கள் எல்லாம் அழிகிறதென்றால் மஞ்சளும் சாவிக்குப் பின்னால் போயிருக்கிறது, அல்லது இரண்டும் இடம் மாறியிருக்கின்றன.

இரண்டும் சரியாக இருந்தால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மீட்டரை ஆம்பியர் அளவையில் அந்த முனைக்கும் கழற்றிய வயருக்கும் நடுவே கோத்து, அரை மணி நேரம் காத்திருந்து பாருங்கள். அந்த நேரத்தில் சாவியையோ முகப்பு விளக்கையோ போட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. 200 காட்டினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 ஆம்பியர் மணி நேரம் கசிகிறது. 35 ஆம்பியர் மணி பேட்டரி நான்கு நாளில் பாதிக்குக் கீழே போகும். ஒரு முழு ஆம்பியரை ஒட்டிக் காட்டினால் ஆம்ப்ளிஃபயர் தூங்கவே இல்லை. அதைத் தட்டி எழுப்பும் வயர், செட்டின் வெள்ளைக் கோடிட்ட நீல வயரில் இணையாமல், நேரம் மிச்சப்படுத்த யாரோ மஞ்சளில் இணைத்திருப்பார்கள். அதை நீலத்துக்கு மாற்றிவிட்டு, மறுபடி அரை மணி நேரம் கழித்து மீட்டரைப் பாருங்கள்.